சம்சாத் பேகத்துக்கு வந்த வியாதி

எங்கள் ஊர் பொந்தியானில் சம்சாத் பேகத்தைத் தெரியாதவர்கள் யாராவது இருக்கலாம். அவளுக்குத் தெரியாதவர்கள் இல்லை. கடற்கரைச் சாலைக்கு ஒரு தெரு பின்னால் அவள் கணவர் அமானுல்லாவின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அதற்கு நேர் எதிரே என் தையல் கடை. இருபது வருஷத்துக்கு மேலாக நான் இந்தப் பக்கம் மிஷினில் குனிந்திருக்கிறேன், அவள் அந்தப் பக்கம் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் மகன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் படுத்துக் கிடக்கிறான், எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் எனக்கு வந்து சேரும். பொய் சொல்ல மாட்டாள். ஒன்றை ஒன்பதாக்கவும் மாட்டாள். ஆனால் எதையும் மனசோடு வைத்துக்கொள்ளத் தெரியாது.

"வாயக் கொஞ்சம் அடக்கு பேகம்" என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "நடந்ததத்தான சந்திரா சொன்னேன், நடக்காததயா சொன்னேன்" என்பாள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் அவள் சொல்லித்தான் பத்துப் பேர் சமைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு மூன்று வேளையும் சாப்பாடு வந்தது அவள் கடையிலிருந்துதான். வாயும் தாராளம், கையும் தாராளம். அந்த வாய்தான் ஒரு முறை அவள் மருமகளைக் கடையை விட்டே விரட்டியது.

மருமகள் பெயர் இக்ரா. பத்து பஹாட் ஊர்ப் பெண். சம்சாத்தின் ஒரே மகன் ஹாரூனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுவாரமே கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள். அதிகம் பேச மாட்டாள். சிரித்தால் மட்டும் பளிச்சென்று இருக்கும். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று, சம்சாத் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தே தாரிக் டீ இலவசம் என்றுவிட்டாள். ரொட்டி சானாய் போடுகிறவரிலிருந்து லாரி ஓட்டுகிற சீனர் வரை எல்லோருக்கும் சேதி தெரியும். அப்போது இக்ராவுக்கு இரண்டாம் மாதம்தான். அடுத்த மாதம் பிள்ளை தங்காமல் போய்விட்டது.

அதைக்கூட அந்தப் பெண் எப்படியாவது தாங்கியிருப்பாள். ஆனால் தே தாரிக் குடித்துவிட்டுப் போன அத்தனை பேரும் திரும்பி வந்தார்களே. பில் கட்டும்போது ஒவ்வொருவரும், "எப்படிம்மா இருக்கு, எத்தன மாசம் இப்போ?" என்று அன்பாகக் கேட்டார்கள். அவளும் ஒவ்வொருவரிடமும், "இல்லங்க, போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். ஒரு நாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள் எழுந்து போனாள். அதற்குப் பிறகு கல்லாவில் உட்காரவே இல்லை. வீட்டிலிருந்தபடி கேக் செய்து விற்க ஆரம்பித்தாள். கல்லாவுக்குச் சாந்தினி என்று ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். சம்சாத் மருமகளிடம் மன்னிப்புக் கேட்டாள், அழுதாள், ஆனால் கடைக்கு வந்த கேள்விகளை அவளால் திருப்பி அனுப்ப முடியவில்லை.

இடையில் அடிக்கடி தலைவலி என்று கிளினிக்குப் போன இக்ராவுக்கு ரத்தக் கொதிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். முப்பத்துமூன்று வயதில் அதை விழுங்க ஆரம்பித்தாள். இந்த வருஷம் நோன்பு தொடங்கும் நேரத்தில் அவள் மறுபடியும் உண்டானாள். பல வருஷம் ஏங்கிக் கிடந்த சந்தோஷம். ஹாரூனிடம் மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, மூன்று மாதம் முடியும்வரை ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லாதே என்பது எங்கள் வீட்டிலும் உண்டு, அவர்கள் வீட்டிலும் உண்டு. கண் பட்டுவிடும் என்பார்கள். ஊருக்குச் சொல்லாமல் இருப்பது அவரவர் இஷ்டம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஆட்கள் ஊருக்குச் சொல்லாததோடு நிற்பதில்லை. டாக்டருக்கும் சொல்வதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அங்கேதான். என் கடைக்கு ரவிக்கையைப் பெரிதாக்கித் தைக்க வருகிற பெண்களைக் கேட்டால், நாலாம் மாதம் நடக்கிறது ஆண்ட்டி, இனிமேல்தான் கிளினிக் போகணும் என்பார்கள். இனிமேல் என்ன, பிரசவத்துக்கு நேராகப் போய் நில் என்று வாய்வரை வரும். வாடிக்கையாளர் என்று விழுங்கிக்கொள்வேன்.

இக்ராவின் பயமும் சும்மா இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் நர்ஸ்கள் யாரைப் பற்றியும் வெளியே மூச்சுவிட மாட்டார்கள். ஆனால் காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் அமானுல்லா கடையில் சாப்பிடுகிறவர்கள். கர்ப்பிணிகள் பக்கத்து நாற்காலியில் இக்ரா உட்கார்ந்தால் அவள் வீடு திரும்புவதற்குள் மாமிக்குச் சேதி போய்விடும். மாமிக்குப் போனால் ஊருக்குப் போகும். தனியார் டாக்டரோ அமானுல்லாவோடு ஒரே வரிசையில் நின்று தொழுகிறவர். ஜொகூர் பாருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றான் ஹாரூன். நோன்பு மாதத்தில் சாயங்கால வியாபாரத்தை விட்டுவிட்டு இரண்டு பேரும் எங்கே போனீர்கள் என்று உம்மா கேட்பாளே என்று அவனே பின்வாங்கினான்.

நோன்பையும் அவள் விடவில்லை. கர்ப்பிணிகளுக்கு முடியாவிட்டால் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்ள அவர்கள் மார்க்கத்தில் சலுகை உண்டு. அது இக்ராவுக்கும் தெரியும். ஆனால் ஒரே அடுப்படியில் புழங்குகிற வீட்டில் அவள் பகலில் சாப்பிட்டால் ஏன் என்று கேள்வி வரும். அதனால் விடியுமுன் எழுந்து, இறங்குகிறதைச் சாப்பிட்டு, ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாந்தி எடுப்பாள். பிறகு பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கேக்குக்கு மாவு கலக்குவாள். நோன்பு பிடிக்கிறவளை யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

வேறு வீடாக இருந்தால் அது எடுபட்டிருக்கும். சம்சாத் பேகத்தின் வீட்டில் எடுபடவில்லை.

நோன்பு மாதத்தின் மூன்றாவது வாரம். சாயங்காலம் இரண்டு பேரும் அடுப்படியில் நின்று நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார்கள். சம்சாத்துக்கு என்னவோ உறுத்தியது. பெண்களுக்கு மாதத்தில் சில நாள் நோன்பு கிடையாது. அந்த நாட்களில் மருமகள் அடுப்படி மூலையில் சத்தமில்லாமல் ஒரு பன் சாப்பிடுவாள், மாமி கண்டும் காணாததுபோல் இருப்பாள். இந்த முறை அந்தப் பன் சாப்பிடப்படவே இல்லை. போதாக்குறைக்கு, முந்தின நாள் நோன்பு திறந்தபோது சம்சாத் ஆசையாகச் செய்த அன்னாசிப் பச்சடி இக்ராவின் தட்டு ஓரத்தில் அப்படியே கிடந்தது. சம்சாத் இஞ்சி தட்டுவதை நிறுத்தினாள்.

"இக்ரா, இந்த மாசம் நீ ஒரு நோன்பும் விடல போலிருக்கே."

இக்ரா அடுப்பைக் குறைத்தாள்.

"எத்தன நாளாச்சு புள்ள?"

இக்ராவின் முகம் வெளிறிப்போனது. "மாமி, உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்ககிட்ட சொன்னா பொந்தியான் முழுக்க சொன்ன மாதிரி. இன்னொரு தடவ அத்தன பேருக்கும் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

இதை என்னிடம் பிறகு சொன்னபோதுகூடச் சம்சாத்துக்குக் குரல் உடைந்தது. பெற்ற மகள் மாதிரி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்ததாம். ஆனால் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கொஞ்ச நேரம் கஞ்சியைக் கிண்டினாள். பிறகு அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

"நீ போடுற பிரஷர் மாத்திர? அது புள்ளைக்கு ஆவுமா?"

"கொடுக்கும்போதே சொன்னாங்க மாமி. உண்டானா உடனே வந்து சொல்லணும், மாத்திரய மாத்தணும்னு. மூணு மாசம் ஆவட்டும்னு..." தினமும் அந்த மாத்திரையை விழுங்கும்போது, இது பிள்ளைக்கு என்ன செய்கிறதோ என்ற பயத்தையும் சேர்த்துத்தான் விழுங்கியிருக்கிறாள். மாத்திரையை அவளாகவே நிறுத்தினால் ரத்தக் கொதிப்பு ஏறும், அதுவும் ஆபத்து. இரண்டு பக்கமும் இடி.

"நாளைக்கே போறோம்" என்றாள் சம்சாத்.

"அங்க எல்லாரும் பாப்பாங்க மாமி."

"பாக்கட்டும். வியாதி எனக்கு. நீ எனக்குத் துணைக்கு வர்ற."

மறுநாள் காலை இரண்டு பேரும் கிளினிக்குப் போனார்கள். சம்சாத் முழங்கால் வலிக்கு நம்பர் எடுத்துக்கொண்டு பொதுக் கூடத்தில் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர்கள் கண்ணெல்லாம் அவள்மேல் இருக்கும்படி பெரிய பூப்போட்ட துப்பட்டா வேறு. அந்த நேரத்தில் இக்ரா பக்கவாட்டுக் கதவு வழியாகத் தாய் சேய் பகுதிக்குப் போய்விட்டாள். திட்டம் நல்ல திட்டம்தான். ஒன்றை மட்டும் சம்சாத் யோசிக்கவில்லை. அவள் பேசாமல் உட்கார்ந்திருப்பதை இந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

"என்ன பேகம், உடம்புக்கு என்ன?" என்று ஒருத்தி கேட்டாள். நம்பர் எடுக்க முழங்கால் வலி என்று சொன்னதே பெரும்பாடு, தெரிந்த முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல அவளுக்கு வராது. உண்மையைச் சொல்லவும் கூடாது. "அல்லாஹ் பாத்துக்குவான்" என்றாள். அவ்வளவுதான். இன்னொருத்தி, மகளுக்குச் சிரம்பானில் மாப்பிள்ளை பார்த்திருக்கிற சேதியைச் சொன்னாள். சம்சாத் அதற்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த அம்மாள் எழுந்து வெளியே போய்ப் போனை எடுத்தாள். "அலமாக், சம்சாத் வாயே தொறக்கல லா. ஏதோ பெரிசா இருக்கும்" என்று அவள் ஆரம்பித்து வைத்தது, மத்தியானத்துக்குள் பாசார் மார்க்கெட்டைத் தாண்டி என் தையல் கடைக்குள் வந்துவிட்டது.

உள்ளே நடந்தது இதுதான். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிற மலாய்க்கார நர்ஸ் ஒருவர் இக்ராவை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், ரத்தம் எடுத்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அட்டையைப் பார்த்ததும் எழுந்து போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த மாத்திரை கர்ப்பத்தில் கூடாது, மாதம் ஏற ஏறக் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்றார் டாக்டர். அன்றோடு அதை நிறுத்தச் சொல்லி, கர்ப்பிணிகளுக்கு ஏற்ற வேறு மாத்திரை எழுதினார். ஃபோலிக் அமிலமும் கொடுத்தார். இந்த அழுத்தத்தில் நோன்பு வேண்டாம், பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஸ்கேன் திரையில் ஒரு பயறு அளவுக்கு இருந்ததற்குள் என்னவோ படபடவென்று துடித்தது. இக்ரா அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் மாதம் முடியும் நேரத்தில் இன்னொரு சின்ன மாத்திரை தொடங்க வேண்டும், பின்னால் ரத்தக் கொதிப்பு எகிறாமல் இருக்க அது உதவும், தாமதமாகத் தொடங்கினால் அவ்வளவு பலன் இருக்காது என்றும் டாக்டர் சொன்னார். இக்ரா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று மாதம் முழுசாக முடிந்து, நாள் பார்த்து, ஊருக்குச் சொல்லிவிட்டு ஆற அமர வந்திருந்தால், ஆகாத மாத்திரை உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கும், ஆகிற மாத்திரைக்கு நேரம் தவறியிருக்கும். கிளம்பும்போது அவள் மிஸ்ஸியிடம் மெல்லக் கேட்டாள், போன தடவை நான் எல்லோருக்கும் சொன்னதால்தான் போய்விட்டதா என்று. மிஸ்ஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆரம்ப மாதங்களில் அப்படி ஆவது எத்தனையோ பெண்களுக்கு நடக்கிறது, சொன்னதாலும் இல்லை, நீ செய்த எதனாலும் இல்லை என்றார். நான்கு வருஷமாக யாரும் அவளுக்குச் சொல்லாத வார்த்தை அது.

அதற்குப் பிறகு நோன்பு முடிய இருந்த நாட்களில் இக்ரா பகலில் சாப்பிட்டாள். மாதத்தில் அந்தச் சில நாள் என்று அமானுல்லா நினைத்துக்கொண்டார். அவருக்குக் கவலை மனைவியைப் பற்றித்தான். ஊரே வந்து அவரிடம் துக்கம் விசாரிக்காத குறை. ஒருவர் மூலிகைக் கஷாயம் கொண்டுவந்தார். இன்னொருவர் மலாக்காவில் ஒரு நல்ல டாக்டர் இருப்பதாகச் சொன்னார். நானும் போனேன். பப்பாளியும் தர்பூசணியும் வெட்டி டப்பாவில் போட்டு, நோன்பு திறக்கும் நேரத்துக்கு எடுத்துக்கொண்டு போய், "என்னடி பேகம், என்கிட்டகூட சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். டப்பாவை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் குனிந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து சாமி விளக்கேற்றி அவளுக்காக வேண்டிக்கொண்டேன். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் அமானுல்லா கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியின் கையிலிருந்து சட்டியை வாங்கி அவரே கழுவ ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டில் ஒரு தம்ளர் கழுவியதில்லை.

"பேகம், ஒனக்கு எதாச்சும் ஆச இருந்தா சொல்லு. உம்ராவுக்குப் போலாமா? கடைய ஹாரூன் பாத்துக்குவான்."

"எனக்கு ஒண்ணும் இல்லங்க."

"நீ இப்படிச் சொல்றதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர். சட்டியைத் தேய்த்துக்கொண்டே தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சம்சாத் வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும், அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்குவார். திறந்த வாயை மூடிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இக்ரா கூடத்திலிருந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டின புருஷன் தன்னைச் சாகப்போகிறவள் என்று நம்பி அழும்போதுகூட மாமி சொல்லவில்லை என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. அன்று மாமியின் படுக்கையில் வந்து உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்து, வலி இல்லாத முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

பெருநாள் அன்று வழக்கம்போல வீடு நிறைய ஆட்கள். பிரியாணி, ரெண்டாங், கெட்டுப்பாட், எல்லாம் இருந்தது. ஆனால் பெருநாள் களை இல்லை. பெண்களெல்லாம் சம்சாத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் எடுக்கப் போனால்கூட அவளை எழவிடவில்லை. போன வருஷம் கல்யாணமாகி இன்னும் கல்லாவில் வேலை செய்கிற சாந்தினியும் புதுச் சுடிதாரில் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு அம்மாள், வெள்ளிக்கிழமை பத்துப் பேர் சேர்ந்து பேகத்துக்காகக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதலாம் என்று ஆரம்பித்தாள். இன்னொருத்தி மூக்கை உறிஞ்சினாள். நானும் அழத் தயாராகத்தான் இருந்தேன்.

இக்ரா பலகாரத் தட்டைக் கீழே வைத்தாள்.

"மாமிக்கு ஒண்ணும் இல்ல. கிளினிக்குப் போனது எனக்காக. எனக்கு இது ஒன்பதாவது வாரம்."

மூன்று மாதம் முடியவில்லை. பெருநாள் அன்று, இத்தனை கண் முன்னால். முன் அறையிலிருந்த அமானுல்லா கதவருகே வந்து நின்று, "அப்ப பேகத்துக்கு ஒண்ணும் இல்லயா?" என்று கேட்டார். பேரப்பிள்ளை வரப்போகிற சேதி அவர் காதில் இன்னும் ஏறவே இல்லை. கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிக்காமல் நின்றவள் இக்ரா ஒருத்திதான்.

"நான் மூணு மாசம் கழிச்சுப் போலாம்னு இருந்தேன். மாமிதான் இழுத்துக்கிட்டுப் போனாங்க. போனதால மாத்திரய மாத்திக் கொடுத்தாங்க. போவலன்னா என்ன ஆகியிருக்கும்னு டாக்டர் சொன்னத நெனச்சா இப்பவும் தூக்கம் வரமாட்டேங்குது. இந்தத் தடவயும் எதுவும் ஆவலாம், ஆவாமலும் இருக்கலாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கடையிலயோ தெருவுலயோ என்னப் பாத்தா எப்படி இருக்கு, எத்தன மாசம்னு யாரும் கேக்காதீங்க. சொல்ல வேண்டியது இருந்தா நானே சொல்றேன்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அந்தக் கூட்டத்தில் அவளைவிட வயதில் மூத்த பெண்கள் நிறையப் பேர். ஒருத்தியும் எதிர்த்துப் பேசவில்லை. யாசீன் ஓதலாம் என்றவள் மட்டும், "ஓதறது ஓதிடுவோம், ஒனக்காக" என்றாள். நான் சம்சாத் பக்கம் திரும்பி, என் பப்பாளிக்கும் தர்பூசணிக்கும் என்ன பதில் என்று கேட்டேன். நல்ல இனிப்பு என்றாள்.

வெளியே செருப்பு மாட்டும்போது சாந்தினி என் பின்னாலேயே வந்தாள். "ஆண்ட்டி, ஏழு வாரத்துல போனா பாப்பாங்களா?" என்றாள். அவள் அம்மாவும் மூன்று மாதம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை அங்கேயே இரண்டு திட்டுத் திட்டியிருப்பேன், பெருநாள் என்று விட்டேன். கிளினிக் திறந்த அன்றே என் கடையைச் சாத்திவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தது. அதற்கு மாத்திரை கொடுத்து, மாதாமாதம் வரச் சொன்னார்கள். நல்லவேளை முன்னாலேயே வந்தாய் என்று அவளிடமும் சொன்னார்கள்.

இக்ரா கேட்டதை ஊர் காப்பாற்றியதா என்று கேட்பீர்கள். காப்பாற்றியது. எனக்கே ஆச்சரியம்தான். இக்ரா மாதாமாதம் கிளினிக்குப் போனாள், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனாள். மிஸ்ஸி வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்துவிட்டுப் போனார். வயிறு மேடிட்ட பிறகு கடைப் பக்கம் வந்தாள். ஆட்கள் அவளிடம் மழையைப் பற்றிப் பேசினார்கள், மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள். நாக்கு நுனியில் கேள்வி நிற்பது முகத்தில் தெரியும். கேட்கமாட்டார்கள். சம்சாத் வாசலில் நின்று, கேட்க வாயெடுக்கிறவர்களை ஒரு முறை முறைப்பாள். ஊரில் மற்ற எல்லாக் கதையும் அவள் வாய் வழியாக வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. இந்த ஒரு கதை மட்டும் வரவில்லை.

கடைசி மாதத்தில் ரத்தக் கொதிப்பு ஏறத்தான் செய்தது. ஆனால் ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வந்ததால் ஏறிய அன்றே தெரிந்துவிட்டது. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இனி காத்திருக்க வேண்டாம், வலி வர மருந்து கொடுத்துப் பிரசவம் பார்த்துவிடலாம் என்று அங்கே முடிவு செய்தார்கள். ஹாரூனும் சம்சாத்தும் கூடப் போனார்கள். அமானுல்லாவால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார முடியாது. கடையிலேயே இருக்கிறேன், கை வேலையாவது செய்யும் என்று இருந்துவிட்டார்.

தீபாவளிக்குச் சில நாள்தான் இருந்தது. என் கடையில் ரவிக்கைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. மத்தியானம் போன் அடித்தது. சம்சாத்தான்.

"சந்திரா." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பொறந்துடுச்சு" என்றாள். "பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இக்ரா சொல்லலாம்னுட்டா. அவருக்குப் போன் பண்ணா நான் அழுதுடுவேன், அவரு தப்பா நெனச்சுப் பயந்துடுவாரு. நீயே போயிச் சொல்லிடு."

மிஷினைக்கூட நிறுத்தாமல் எழுந்தேன். கழுத்தில் டேப்போடு ரோட்டைக் கடந்தேன். நடு மத்தியானம், கடை நிறையக் கூட்டம். நான் உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு மேசையாகப் பேச்சு நின்றது. இக்ரா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்றும் தெரியும். ரொட்டி போடுகிறவர் விசிறிய மாவைக் கல்லில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். கல்லாவில் சாந்தினி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவர் வாயிலிருந்தும் கேள்வி வரவில்லை. அமானுல்லாகூடக் கேட்கவில்லை. தே தாரிக் குவளையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"பொம்பளப் புள்ள பொறந்திருக்கு" என்றேன். "தாயும் நல்லா இருக்கா, புள்ளயும் நல்லா இருக்கு."

அமானுல்லா குவளையை மெல்லக் கீழே வைத்தார். பக்கத்து மேசையில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, அத்தனை வாடிக்கையாளர்கள் முன்னாலும் முகத்தை மறைத்துக்கொள்ளாமல் அழுதார்.